அளப்பவர்க்கும் ஓர் அளவு

பள்ளியில் ஒரு பிள்ளை படிக்க இயலாமல் தடுமாறுகிறது என்றால், அதன் காரணத்தைச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? பெற்றோர் ஒன்று சொல்வர். நாள்தோறும் வகுப்பில் காணும் ஆசிரியர் வேறொன்று சொல்வார். ஆனால் வல்லுநர் ஒருவர் அப்பிள்ளையை ஒரு மணி நேரம் எதிரில் அமர்த்தி, வினாக்கள் கேட்டு, ஓர் எண்ணை எழுதித் தந்துவிட்டால், மற்ற இருவர் சொல்லும் வலுவிழந்து போகிறது. பிள்ளை எந்த வகுப்பில் அமர்வது, எதைக் கற்பது, எத்தகைய வாழ்வுக்கு ஆயத்தமாவது என்பனவற்றையெல்லாம் அந்த எண் முடிவு செய்துவிடக் கூடும். அங்ஙனமாயின், அவ்வெண்ணை எழுதும் கைக்கு எத்துணைப் பயிற்சி வேண்டும்?

அமெரிக்க ஐக்கிய நாடு இவ்வினாவுக்கு விடை காண முக்கால் நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. இன்று அந்நாட்டில் பள்ளி உளவியலாளர் ஆக விரும்புவோர், இளங்கலைப் பட்டத்துக்குப் பின் பொதுவாக மூன்று ஆண்டுகளேனும் முழுநேரமாகப் பயில வேண்டும். ஒரு காலத்தில் சில வாரக் கோடைப் பயிற்சியே போதும் என்றிருந்தது. வாரங்கள் ஆண்டுகளாக நீண்ட இந்த வரலாற்றைப் பல்கலைக்கழகங்களின் வரலாறாக மட்டும் படிப்பது போதாது. தவறாக அளக்கப்பட்ட பிள்ளைகளும் இதில் இருக்கிறார்கள்.

எழுத்துக்கூட்ட இயலாத சிறுவன்

1896ஆம் ஆண்டு மார்ச் மாதம், பிலடெல்பியா நகரில் மார்கரெட் மக்வயர் என்னும் ஆசிரியை பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துச் சென்றார். மற்றப் பாடங்களில் ஓரளவு தேறிய அவனுக்குச் சொற்களை எழுத்துக்கூட்டி எழுத மட்டும் வரவில்லை. அங்கே உளவியல் ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் லைட்னர் விட்மர். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வூண்ட் என்னும் பேராசிரியரிடம் பயின்று முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர் அவர். அக்காலத்து உளவியல், ஆய்வுக்கூடத்தில் புலன்களின் இயல்பையும் எதிர்வினையின் வேகத்தையும் அளந்துகொண்டிருந்த இளம் அறிவியல். எழுத்துக்கூட்டத் தெரியாத சிறுவனுக்கு அது என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு முன் எவரும் அதனிடம் கேட்டதில்லை.

விட்மர் அவனை ஆய்ந்தார். கண்பார்வையில் குறை இருப்பதைக் கண்டு கண்ணாடி அணிவிக்க ஏற்பாடு செய்தார். கண்ணாடியோடு குறை தீர்ந்துவிடவில்லை. ஆகவே தனிப் பயிற்சியும் தொடர்ந்தது. அதே ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய உளவியல் நிலையமே உலகில் அத்தகையவற்றுள் முதலாவது எனப் போற்றப்படுகிறது. அவர் முறையில் ஒரு சிறப்பு உண்டு. பிள்ளையைச் சோதிப்பதும் பிள்ளைக்குக் கற்பிப்பதும் அவருக்கு ஒரே செயலின் இரு பகுதிகள். கற்பித்துப் பார்த்தே குறையை அறிய முடியும் என்று அவர் கருதினார். 1897ஆம் ஆண்டிலேயே ஆசிரியர்களுக்கான கோடை வகுப்பை அவர் நடத்தினார். 1907இல் தாம் தொடங்கிய இதழில், இப்பணிக்கெனத் தனித் தொழிலும் தனிப் பயிற்சியும் வேண்டும் என்று எழுதினார். தொடக்கம் நன்றாகவே அமைந்தது. ஆனால் விட்மர் முறைக்குக் காலம் மிகுதியாக வேண்டும். நகரப் பள்ளிகளோ ஆயிரக்கணக்கான பிள்ளைகளால் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு விரைவான ஒரு வழி தேவைப்பட்டது.

கடல் கடந்த அளவுகோல்

அந்த விரைவான வழி பிரான்சு நாட்டிலிருந்து வந்தது. இயல்பான வகுப்பில் கற்க இயலாப் பிள்ளைகளைக் கண்டறிய 1904இல் பிரெஞ்சு அரசு ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவில் இருந்த ஆல்பிரட் பினே, தியோடோர் சீமோன் என்னும் மருத்துவரோடு சேர்ந்து, 1905இல் எளிதிலிருந்து கடினத்துக்குச் செல்லும் முப்பது சோதனைகளைக் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். 1908இலும் 1911இலும் அது திருத்தப்பட்டது. பிள்ளையின் அறிவு பிறப்பிலேயே நிலைப்பட்டுவிட்டது, அதை வளர்க்க இயலாது என்னும் கருத்தைப் பினே கடுமையாக எதிர்த்தார். கவனத்தையும் நினைவையும் வளர்க்கும் பயிற்சிகளை அவரே வகுத்தார். உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டறியவே அவர் அந்த அளவுகோலைச் செய்தார். பிள்ளையை ஒதுக்கி வைக்க அன்று.

1908இல் ஐரோப்பா சென்ற ஹென்றி காடர்ட் என்னும் அமெரிக்கர் இந்த அளவுகோலைத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்து மொழிபெயர்த்தார். நியூ ஜெர்சி மாநிலத்தின் வைன்லாந்து என்னும் ஊரில், அன்றைய வழக்கில் மனவளர்ச்சி குன்றியோர் எனப்பட்டவர்க்கான பள்ளியில் அவர் ஆய்வு இயக்குநராக இருந்தார். அங்கே கோடைதோறும் ஆசிரியர்கள் வந்து, சில வாரங்கள் பயின்று, அளவுகோலைக் கையாளக் கற்றுச் சென்றனர். 1916இல் ஸ்டான்பர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் அதைத் திருத்தி விரிவாக்கி, நுண்ணறிவு ஈவு என்னும் எண்ணை நாடெங்கும் பரப்பினார்.

அளவுகோல் கடல் கடந்தது. பினே இட்ட எச்சரிக்கை கடக்கவில்லை. காடர்டும் டெர்மனும் நுண்ணறிவைப் பரம்பரையாக வருவதென்றும் மாறாததென்றும் கருதினர். வினாத்தாளும் விடைக்குறிப்பும் கையில் இருந்தால், யாரும் எந்தப் பிள்ளையையும் வகைப்படுத்திவிடலாம் என்னும் நிலை உருவாயிற்று.

இதை எதிர்த்த குரல்களுள் வாலஸ் வாலின் என்னும் உளவியலாளருடையது முதன்மையானது. சில வாரப் பயிற்சியோடு பிள்ளைகளின் தலைவிதியை எழுதத் துணிவோரை அவர் வெளிப்படையாகச் சாடினார். அயோவா மாநிலத்தில் நிலமும் தொழிலும் திறம்பட நடத்தி, ஊரார் மதிப்போடு வாழ்ந்த சிலரை அதே அளவுகோலால் சோதித்து, அதன் விதிப்படி அவர்களும் அறிவு குன்றியோர் ஆகிவிடுவதை 1916இல் எடுத்துக்காட்டினார். கல்வி நிறைந்த அவையோர் சிரித்திருக்கலாம். ஆனால் தம் வாழ்வையே சான்றாகக் காட்டும் வாய்ப்பு அவ்விவசாயிகளுக்கு இருந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அவ்வாய்ப்பு இல்லை.

பெயர் வந்தது, பாதை வரவில்லை

பள்ளி உளவியலாளர் என்னும் பணிப்பெயரை முதன்முதலில் பெற்றவர் ஆர்னால்டு கெசல். 1915இல் கனெக்டிகட் மாநிலக் கல்வி வாரியம் அவரை அப்பெயரில் அமர்த்தியது. நாட்டுப்புறப் பள்ளிகளுக்குச் சென்று பிள்ளைகளை ஆய்ந்து, அவர்களுக்கேற்ற கல்வி முறையை ஆசிரியர்க்கு எழுதித் தருவது அவர் பணி. உளவியலில் முனைவர் பட்டம், மருத்துவப் பட்டம் ஆகிய இரண்டும் பெற்றிருந்தவர் அவர்.

ஆனால் கெசலைப் பின்தொடர விரும்பிய இளைஞருக்கு வகுத்த பாதை ஏதும் இல்லை. பள்ளிகளில் சோதனைப் பணிக்கு அமர்ந்தோருள் ஆசிரியர்களே மிகுதி. அவர்களுக்கென ஒழுங்கான பாடத்திட்டமும் இல்லை. 1920களின் இறுதியில்தான் நியூயார்க் பல்கலைக்கழகம் பள்ளி உளவியல் என்னும் பெயரிலேயே பயிற்சியைத் தொடங்கியது. 1930களின் நடுவில் நியூயார்க், பென்சில்வேனியா மாநிலங்கள் இப்பணிக்குக் கல்வித் துறைச் சான்றிதழ் வேண்டும் என விதித்தன. இல்லினாய் பல்கலைக்கழகம் முனைவர் பட்ட அளவில் பள்ளி உளவியலை 1953இல்தான் ஏற்படுத்தியது. கெசல் அமர்த்தப்பட்டு முப்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. பணி முதலில் வந்து, பணிக்குரிய கல்வி ஒரு தலைமுறைக்குப் பின் வந்தது என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம்.

1954ஆம் ஆண்டின் கோடை

அடுத்த ஆண்டு, 1954 ஆகஸ்டு மாத இறுதியில், நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் பாயிண்டில் உள்ள தேயர் ஓட்டலில் 48 பேர் பத்து நாள்கள் கூடினர். அமெரிக்க உளவியல் கழகத்தின் முன்முயற்சியால் நடந்த அம்மாநாடு, பள்ளி உளவியலாளர் என்பவர் யார், அவருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்பதை முதன்முறையாக நாடளாவிய அளவில் ஆராய்ந்தது. அப்போது நாடு முழுவதிலும் இப்பணியில் இருந்தோர் ஏறத்தாழ ஆயிரம் பேரே. போர் முடிந்தபின் பிறந்த பெருந்தொகையான பிள்ளைகளோ பள்ளி வாசலில் வந்து நின்றனர்.

மாநாடு இரு படிநிலைகளைப் பரிந்துரைத்தது. முனைவர் பட்ட அளவில் நான்கு ஆண்டுப் பட்டமேற்படிப்பு முடித்தவரே பள்ளி உளவியலாளர். இரண்டு ஆண்டு முடித்தவர் சோதனைகளை நடத்தும் உதவியாளர் நிலையினர். ஓர் ஆண்டு பள்ளியிலேயே வழிகாட்டியின் கீழ்ப் பணியாற்ற வேண்டும் என்பதும் மாநாட்டில் வலியுறுத்தப்பட்டது. நார்மா கட்ஸ் தொகுத்த அம்மாநாட்டு அறிக்கை 1955இல் நூலாக வந்தது. யாருக்கு எத்தனை ஆண்டு என்பதே அங்கே பெருவாதமாயிற்று. எந்தப் பிள்ளைகள் எவ்வாறு அளக்கப்படுகிறார்கள் என்னும் வினாவோ வேறிடத்தில் எழுந்துகொண்டிருந்தது.

அதே ஆண்டு மே 17ஆம் நாள், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பள்ளிகள் நடத்துவது அரசியலமைப்புக்கு முரணானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் அடிக்குறிப்பில், பிரிவினை கறுப்பினப் பிள்ளைகளின் உள்ளத்தில் ஏற்படுத்தும் காயத்தைப் பற்றிய உளவியலாளர் கென்னத் கிளார்க்கின் ஆய்வும் இடம்பெற்றது. அவரும் அவர் மனைவி மேமி கிளார்க்கும் உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற கறுப்பினத்தவர். 1946இல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் அவர்கள் ஒரு குழந்தை நல நிலையத்தைத் தொடங்கியிருந்தனர். பள்ளிகளால் மனவளர்ச்சி குன்றியோர் என முத்திரையிடப்பட்டு அங்கு வந்த பிள்ளைகளை மறுபடியும் சோதித்தபோது, பலர் அந்த வரம்புக்கு மேலேயே இருந்ததை மேமி கிளார்க் கண்டார். ஒரே கோடையில், ஓரிடத்தில் வல்லுநர்கள் தம் தகுதியை வகுத்துக்கொண்டிருந்தனர். மற்றோரிடத்தில் அத்தகுதியின் குறையால் வந்த கேட்டை ஒரு பெண்மணி பிள்ளை பிள்ளையாகத் திருத்திக்கொண்டிருந்தார்.

நீதிமன்றத்தில் அளவுகோல்

1968இல் லாய்ட் டன் என்னும் சிறப்புக் கல்வி அறிஞர், தம் துறையையே உலுக்கிய ஒரு கட்டுரை எழுதினார். இலேசான குறையுடையோர் எனச் சிறப்பு வகுப்புகளில் அமர்த்தப்பட்டோருள் மிகுதியானோர் ஏழைகளும் சிறுபான்மை இனத்தவருமே என்றும், அவ்வகுப்புகளில் பெரும்பாலானவற்றை நியாயப்படுத்த இயலாது என்றும் அவர் எடுத்துரைத்தார்.

இரண்டே ஆண்டுகளில் வழக்கு எழுந்தது. கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களைச் சேர்ந்த ஒன்பது பிள்ளைகள் ஆங்கிலத்தில் சோதிக்கப்பட்டு, மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தனர். அவர்கள் மொழியிலேயே மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் வரம்பைத் தாண்டினர். பிள்ளைகளின் அறிவு ஓரிரு மாதங்களில் வளர்ந்துவிடவில்லை. கேட்டவரின் மொழி மாறியது, அவ்வளவே. டயானா வழக்கு என அறியப்படும் இது 1970இல் உடன்பாட்டில் முடிந்தது. பிள்ளைகளை வீட்டு மொழியிலும் சோதிக்க அம்மாநிலம் இசைந்தது.

1971இல் சான் பிரான்சிஸ்கோவில் கறுப்பினப் பெற்றோர் தொடுத்த லாரி பி. வழக்கு இன்னும் ஆழமாகச் சென்றது. மாநில மாணவருள் பத்தில் ஒரு பங்கினரான கறுப்பினப் பிள்ளைகள், அச்சிறப்பு வகுப்புகளில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினராக இருந்தனர். 1979இல் நீதிபதி ராபர்ட் பெக்கம், கறுப்பினப் பிள்ளைகளை அவ்வகுப்புகளில் சேர்க்க நுண்ணறிவுச் சோதனைகளைப் பயன்படுத்தலாகாது எனத் தடை விதித்தார். மறு ஆண்டே சிகாகோவில் இதே போன்ற வழக்கில் நீதிபதி ஜான் கிரேடி, சோதனை வினாக்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து, ஒருசில வினாக்களே ஐயத்துக்குரியவை என்றும், பிற சான்றுகளோடு சேர்த்துப் பயன்படுத்தினால் அச்சோதனைகள் அநீதியானவை அல்ல என்றும் தீர்ப்பளித்தார்.

இரு நீதிபதிகள், ஒரே வகைச் சோதனை, நேர் மாறான இரு தீர்ப்புகள். கருவி நல்லதா தீயதா என்பதை நீதிமன்றத்தால் முடித்துவைக்க இயலவில்லை. ஆயினும் இரு வழக்குகளிலும் ஒன்று தெளிவாயிற்று. எண்ணை மட்டும் எழுதிக் கொடுப்பவர் கையில் பிள்ளை பாதுகாப்பாக இல்லை. எண்ணைச் சுற்றியுள்ள வாழ்வைப் படிக்கத் தெரிந்தவரே அப்பணிக்கு உரியவர்.

இதற்கிடையே 1975 நவம்பர் 29ஆம் நாள், குறைபாடுடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருத்தமான கல்வியைக் கட்டணமின்றி வழங்க வேண்டும் என்னும் சட்டம் கையெழுத்தாயிற்று. அதுவரை அத்தகைய பிள்ளைகளுள் பத்து இலட்சம் பேர் பொதுப் பள்ளிகளிலிருந்து முற்றிலும் விலக்கப்பட்டிருந்தனர் என்று அச்சட்டமே பதிவு செய்துள்ளது. ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவெடுக்கலாகாது. சோதனை பிள்ளையின் தாய்மொழியில் அமைய வேண்டும். இன வேறுபாட்டுக்கு இடம் தரலாகாது. பெற்றோர்க்கு அறிவித்து அவர்களையும் கலந்தே முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுத வேண்டும். இவையெல்லாம் சட்டத்தின் கட்டளைகளாயின. அவற்றை நிறைவேற்றக் கோடைப் பயிற்சி பெற்றோரால் இயலுமா?

மூன்று ஆண்டுகளின் உள்ளடக்கம்

1969இல் தோன்றிய பள்ளி உளவியலாளர் தேசியச் சங்கம் இவ்வினாவைக் கையில் எடுத்தது. முதுகலைக்கு மேலும் முனைவர் பட்டத்துக்குக் கீழுமான ஒரு சிறப்புநிலைத் தகுதியை அது படிப்படியாக வரையறுத்தது. இன்றைய விதிப்படி அத்தகுதிக்குப் பட்டமேற்படிப்பில் குறைந்தது 60 பருவ மணிகள் பயில வேண்டும். ஒரு பருவம் முழுவதும் வாரம் ஒரு மணி நேர வகுப்பு ஒரு பருவ மணி எனக் கணக்கிடப்படும். ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் மூன்று பருவ மணிகள் ஆதலால், ஏறத்தாழ இருபது தாள்களுக்கு இணையான படிப்பு இது. இதனுள் அடங்கியதாக, இறுதியில் குறைந்தது 1,200 மணி நேரப் பணிப்பயிற்சி உண்டு. அதில் 600 மணி நேரமேனும் பள்ளியிலேயே கழிய வேண்டும். அக்காலம் முழுவதும் அனுபவமிக்க ஒருவர் வாரந்தோறும் குறைந்தது இரண்டு மணி நேரம் அமர்ந்து வழிகாட்ட வேண்டும்.

இந்தப் பாடத்திட்டத்தை மேற்கண்ட வரலாற்றோடு சேர்த்துப் படித்தால் அதன் பொருள் விளங்கும். குழந்தை வளர்ச்சியும் கற்றல் இடர்களும் பாடங்களாக உள்ளன: பிலடெல்பியாச் சிறுவனுக்குக் கண்ணில் குறையா, கற்பித்தலில் குறையா, வேறெங்கே குறை எனப் பிரித்தறிய வேண்டியிருந்ததை நினைவுகூர்க. புள்ளியியலும் அளவியலும் உள்ளன: ஒரு மதிப்பெண் எத்தனை புள்ளிகள் மேலோ கீழோ பிழைபடக் கூடும், எந்த மக்களைக் கொண்டு அதன் வரம்பு நிறுவப்பட்டது என்பன அறியாமல் அயோவா விவசாயிகளை அறிவிலிகள் ஆக்கிவிட முடியும் அல்லவா? பண்பாட்டு வேறுபாடும் இருமொழிப் பிள்ளைகளும் பாடமாயின: ஸ்பானியப் பிள்ளைகள் ஒன்பது பேர் நீதிமன்றப் படியேறியபின் அதைத் தவிர்க்க இயலவில்லை. சட்டமும் தொழிலறமும், ஆசிரியரோடும் பெற்றோரோடும் கலந்துரையாடும் முறையும், உளவழி அறிவுரையும், தற்கொலை எண்ணம் கொண்ட மாணவரை அடையாளம் கண்டு காக்கும் முறையும் அவற்றோடு சேரும்.

முதலாண்டில் மாணவர் பெரும்பாலும் வகுப்பறையில் கற்கிறார். சோதனைகளை நடத்தும் முறையைப் பழகுகிறார். இரண்டாம் ஆண்டில் வாரத்தில் சில நாள்கள் பள்ளிக்குச் சென்று, வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து பிள்ளையை உற்றுநோக்குகிறார். எழுதிய அறிக்கையை வழிகாட்டி திருத்தித் தர, மீண்டும் எழுதுகிறார். மூன்றாம் ஆண்டு முழுவதும் பள்ளியே அவர் வகுப்பறை. பிள்ளையின் குறையைத் தாயிடம் எவ்வாறு சொல்வது என்பதை எந்த நூலும் முழுமையாகக் கற்பிக்காது. சொல்பவர் அருகில் பலமுறை அமர்ந்து கேட்டும், பின்னர் தாமே தயங்கித் தயங்கிச் சொல்லியும்தான் அது கைவரும். அந்த 1,200 மணி நேரத்தின் தேவை அங்கேதான் தெரிகிறது.

இன்னும் முடியாத வாதம்

தேயர் ஓட்டலில் எழுந்த வாதம் இன்றும் அடங்கவில்லை. முனைவர் பட்டம் பெற்றவரே உளவியலாளர் என்பது அமெரிக்க உளவியல் கழகத்தின் நிலைப்பாடு. சிறப்புநிலைத் தகுதி போதும் என்பது தேசியச் சங்கத்தின் நிலைப்பாடு. நடைமுறையில் பள்ளிகளில் பணிபுரிவோருள் பெரும்பாலோர் சிறப்புநிலைத் தகுதி உடையவர்களே. மற்றொரு நெருக்கடி எண்ணிக்கை பற்றியது. 500 மாணவருக்கு ஒருவர் வேண்டும் எனச் சங்கம் பரிந்துரைக்கிறது. பெரும்பாலான மாநிலங்கள் அதை எட்டவில்லை. ஆள் போதாதபோது பயிற்சியைக் குறைத்தால் என்ன என்னும் எண்ணம் எழுவது இயல்பு. இருக்கும் சிலரும் நாள் முழுவதும் சோதனை நடத்தி அறிக்கை எழுதுவதிலேயே கழிக்க நேர்வதும் உண்டு. நூறாண்டுக்கு முன் பள்ளிகளை விரைவான வழிக்கு இட்டுச் சென்ற அதே நெருக்கடி வேறு உருவில் மீண்டும் வந்து நிற்கிறது.

பயிற்சி நீண்டால் மட்டும் நீதி வந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. காடர்டும் டெர்மனும் முனைவர் பட்டம் பெற்றவர்களே. அவர்களிடம் கல்விக்குக் குறைவில்லை. தம் அளவுகோலை ஐயுறும் பழக்கமே குறைவாக இருந்தது. இதில் காடர்டுக்கு ஒரு பெருமையும் உண்டு. 1928இல் அவர் தம் பழைய முடிவுகளுள் சிலவற்றைத் தாமே திருத்திக்கொண்டு, கல்வியால் இப்பிள்ளைகள் மேம்பட முடியும் என்று எழுதினார். ஆனால் இருபது ஆண்டுகளாக அந்த முடிவுகளின்படி வகைப்படுத்தப்பட்ட பிள்ளைகள் அதற்குள் வளர்ந்து பெரியவர்களாகியிருந்தனர்.

ஆகவே, நீண்ட பயிற்சியின் பயன், மாணவர் பல சோதனைகளைக் கற்பதில் மட்டும் இல்லை. தம் முடிவைத் தாமே மறுத்துப் பார்க்கவும், பிறர் திருத்தக் கேட்கவும், தெரியாததைத் தெரியாது என எழுதவும் அக்காலம் அவரைப் பழக்க வேண்டும்.

பெற்றோராகவும் ஆசிரியராகவும் உள்ள நமக்கும் இதில் கொள்ளத்தக்கது உண்டு. ஒரு பிள்ளையைப் பற்றி யாரேனும் ஓர் எண்ணையோ ஒரு சொல்லையோ தீர்ப்பாகத் தரும்போது, நாம் பணிவோடு சில வினாக்களைக் கேட்கலாம். எந்த மொழியில் சோதித்தீர்கள்? கண்ணையும் காதையும் பார்த்தாயிற்றா? வகுப்பில் அமர்ந்து பார்த்தீர்களா? வேறு எதை வைத்து இம்முடிவுக்கு வந்தீர்கள்? நன்கு பயின்ற உளவியலாளர் இவ்வினாக்களால் வருந்தமாட்டார். நாம் கேட்குமுன்பே அவற்றுக்கு விடை தேடியிருப்பார்.